சுராங்கனியிலிருந்து வள்ளியம்மாள் வரை

திருவள்ளூர் பக்கத்துக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் முன்பெல்லாம் கச்சேரி இல்லாமல் இருக்காது. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலைப் பொட்டலம் கொடுத்து முடித்ததும், லாரிகள் நிற்கிற இடத்தில் மேடை எழும்பும். பக்திப் பாட்டில் ஆரம்பித்து, எம்.ஜி.ஆர்., சிவாஜி பாட்டெல்லாம் பாடி, கூட்டம் கலையப் பார்க்கிற நேரத்தில் பாங்கோஸ் தாளம் திடீரென்று மாறும். ‘சுராங்கனி’ வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாட்ச்மேன் முதல் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வரை எழுந்து ஆடுவார்கள். அதைப் பாடிப் பிரபலமாக்கியவர் யார் என்று அந்த மேடைகளில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் ஏ.ஈ. மனோகரன். இலங்கைத் தமிழர். சிலோன் மனோகர் என்றால் சிலருக்குத் தெரியும். அறுபதுகளின் கடைசியில் நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் கிட்டாரைக் கையில் எடுத்து அங்கே தமிழ்ப் பொப்பிசைக்கு வழிபோட்டார்கள். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து இலங்கைக் கடற்கரையில் ஊறிப்போன பைலா தாளம் அதற்கு உயிர் கொடுத்தது. மனோகரன் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார். சிங்களமும் தமிழும் கலந்த ஒரு மீன்காரப் பாட்டை, சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாத நம் ஊர்க்காரர்கள் மனப்பாடமாகப் பாடினார்கள். 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையிலும் அது ஒலித்தது. ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் கொடுத்தார்கள். ஆனால் தமிழ் சினிமா அந்தச் சக்கரவர்த்திக்குக் கொடுத்தது பெரும்பாலும் வில்லன் வேடங்களைத்தான்.

அன்றைய பாடகரின் பிழைப்பு எளிய கணக்கு. மேடை ஏறினால் கூலி. ரெக்கார்டிங்குக்குப் போனால் ஒரு தொகை. அதோடு சரி. அதன்பிறகு அந்தப் பாட்டு இசைத்தட்டுக் கம்பெனிக்கும், ஊர் ஊராக இருந்த கேசட் கடைகளுக்கும்தான் சம்பாதித்துக் கொடுத்தது. வெற்றுக் கேசட்டும் ஒரு துண்டுச்சீட்டும் கொடுத்தால் கடைக்காரர் கேட்ட பாட்டையெல்லாம் பதிந்து தருவார். சீட்டில் ‘சுராங்கனி’ இருக்கும், மனோகரன் இருக்க மாட்டார். 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் தமது 73-வது வயதில் அவர் இறந்தபோது, அந்தப் பாட்டுக்கு ஆடி வளர்ந்த எத்தனையோ பேருக்கு அவர் சென்னையில் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

அதே மாதம் 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் வேறொரு கச்சேரி நடந்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் முயற்சியில், டென்மா இசையில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் மேடை. கானா, ராப், ராக் எல்லாம் கலந்து சாதியைப் பற்றி நேருக்கு நேர் பாடினார்கள். அந்தக் குழுவில் ஒருவர் அறிவு. திருவள்ளூரிலிருந்து அதே ரயில் பாதையில் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற அரக்கோணத்துப் பையன். ‘காலா’ படத்துக்குப் பாட்டு எழுதினார், 2019-ல் ‘தெருக்குரல்’ ஆல்பம் போட்டார், ‘மாஸ்டர்’ படத்தில் பாடினார். 2021 மார்ச் 7 அன்று ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டு வந்தது.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. காட்டைத் திருத்தி மலையெல்லாம் தேயிலை ஆக்கியவர்களிடம், போகிறாயா இருக்கிறாயா என்று ஒருவரும் மரியாதையாகக் கேட்கவில்லை. அப்படித் திரும்பியவர்களில் ஒருவர் வள்ளியம்மாள். எங்கள் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமில் 1990 முதல் இருப்பவர்கள் போருக்குத் தப்பி வந்தவர்கள். வந்த காரணம் வேறு. சொந்தமாகக் காலடி நிலம் இல்லாத வலி இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். பாட்டி பாடிய ஒப்பாரியையும் அவர் பட்ட பாட்டையும் அறிவு பாட்டாக்கினார். வீடியோவில் வள்ளியம்மாளே வருகிறார். அதை 40 கோடிக்கும் மேற்பட்ட தடவை உலகம் பார்த்திருக்கிறது. ஒரு தோட்டத் தொழிலாளியின் முகம் பாப் பாட்டின் நடுவில் அப்படி உட்கார்ந்ததை நம் இசையின் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்றாகவே நான் நினைக்கிறேன்.

காக்களூரும் மாறிவிட்டது. ஷிஃப்ட் பஸ்ஸில் ஆளுக்கொரு ஹெட்போன். பீகார், ஒடிசா பையன்கள் தங்கியிருக்கிற அறைகளில் போஜ்புரியும் ஒடியாவும் கேட்கும். ஆனாலும் எஞ்சாமி வந்த வருஷம், தமிழ் தெரியாத ஒரு பையன் பேக்கிங் டேபிளில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தது நினைவிருக்கிறது. சிங்களம் தெரியாமல் நாம் சுராங்கனி பாடியது போலத்தான்.

பெயர் விஷயத்தில் என்ன மாறியது? 2021 ஆகஸ்ட்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அறிவோடு அந்தப் பாட்டைப் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டபிறகு அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. அறிவு தன் உழைப்பைப் பற்றி எழுதினார். இசையமைத்த சந்தோஷ் நாராயணன், இது மூவரும் சேர்ந்து செய்தது என்றார். மூவருக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வள்ளியம்மாளின் கதையை வைத்துக்கொண்டு, அதைக் கொண்டுவந்த பேரனை எங்கேயும் விட்டுவிடக்கூடாது.

பணமும் அப்படியே. அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உரிமை உண்டு என்று 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியாயிற்று. இருந்தும் இந்த நிலை. எங்கள் ஷெட்டுகளில் ஜாப் வொர்க்காகக் கடைந்து அனுப்புகிற உதிரிபாகத்தில் பெரிய கம்பெனியின் முத்திரை மட்டும் இருப்பது மாதிரிதான் இதுவும். ஒரு வித்தியாசம்: மனோகரனுக்குக் கேட்க வழியில்லை, அறிவு கேட்டார், நாடே கேட்டது. அந்த 2024-லேயே ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பாட்டியின் பெயரிலேயே ஆல்பமும் போட்டார்.

ஆயுத பூஜைக்கு இப்போது கச்சேரி குறைவு. பெட்டி ஸ்பீக்கரும் ஒரு லேப்டாப்பும் போதும். மைக் பிடிக்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை சுராங்கனி போடும்போது ஏ.ஈ. மனோகரன் என்றும், எஞ்சாமி போடும்போது அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் என்றும் சொல்லிவிட்டுப் போடுங்கள். வள்ளியம்மாள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.