தொண்டும் தேர்தல் நன்கொடையும்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் பல சிற்றூர்களில் சிதறி வாழ்கின்றனர். சாமையும் கேழ்வரகும் அவர்கள் விளைவிக்கும் தானியங்கள். இத்தகைய ஊர்களில் அரசாங்கத்தின் பணியோடு தொண்டு நிறுவனங்களின் பணியும் சேர்வது நலம். மலையை அடுத்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993 முதல் தொண்டு அமைப்பு ஒன்றின் மருத்துவப் பணி நடைபெற்று வருகின்றது.

தேர்தல் நெருங்குங்கால் ஓர் ஐயம் எழுவதுண்டு. தொண்டு நிறுவன ஊழியர் அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுக்கலாமா? கொடுத்தால் அது நிறுவனமே கொடுத்ததாகுமா?

ஏரி நீர்ப் பாய்ச்சலைக் கவனிக்கும் நீர்க்கட்டியை எண்ணிப் பார்ப்போம். கூலியாகப் பெற்ற நெல் அவருடையது. அதை விரும்பியவருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஏரி நீர் ஊருக்குரியது. வேண்டியவர் வயலுக்கு மட்டும் மடையைத் திறந்துவிட அவருக்கு உரிமையில்லை. ஊழியரின் ஊதியம் கூலி நெல் போன்றது. நிறுவனத்தின் நிதி ஏரி நீர் போன்றது.

அரசு ஊழியர் அரசியல் இயக்கத்திற்குப் பணம் உதவுவதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. தொண்டு நிறுவன ஊழியருக்கு அத்தகைய பொதுத் தடை இல்லை. ஆயினும் நிறுவனம் தானே விதி வகுத்திருப்பின் அதற்கு அவர் கட்டுப்பட வேண்டும். நன்கொடையை வங்கி வழியாகத் தம் பெயரில் கொடுத்து இரசீது பெறுவதே முறை. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திற்கு அறிவித்தல் வேண்டும். கொடுப்பவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் தொடங்கப்பெற்றது. வாக்காளரின் அறியும் உரிமைக்கு அது மாறானது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15இல் அதனை நீக்கியது.

ஊழியர் பெயரில் நன்கொடை கொடுக்கச் செய்து, பின்னர் அத்தொகையை நிறுவனக் கணக்கிலிருந்து ஈடுசெய்வது தவறு. மேலாளர் தமக்குக் கீழுள்ளோரை வற்புறுத்தி வசூலிப்பதும் தவறு. நிறுவனத்தின் வண்டியையும் கட்டிடத்தையும் பிரசாரத்திற்குக் கொடுப்பதும் அவ்வாறே.

வெளிநாட்டு நன்கொடை குறித்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் கட்சிகளும் வேட்பாளர்களும் அப்பணத்தைப் பெறலாகாது என்கின்றது. இத்தடை ஊராட்சி மன்ற உறுப்பினர்களையும் சாரும் என்பதை நம் வாசகர்கள் நினைவிற் கொள்க. அதே வேளையில், மக்கள் உரிமைக்காகக் குரல் கொடுப்பதெல்லாம் கட்சி அரசியல் ஆகாது. கட்சி நோக்கமின்றி மக்களின் கோரிக்கையை ஆதரிக்கும் அமைப்பை அரசியல் அமைப்பெனத் தண்டிக்கலாகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

தமிழ்நாட்டில் சிற்றூராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னமின்றியே நடைபெறுகின்றன. ஊர்ப்பணியில் கட்சிப் பிளவு கூடாதென்பதே இதன் கருத்து. தொண்டுக்கும் இக்கருத்து பொருந்தும். மருந்து வாங்க மலையிறங்கி வரும் தாய், "நம் வாக்கைக் கேட்பார்களோ?" என்று அஞ்சும் நிலை வருமாயின் அவர் மறுமுறை வரமாட்டார். இழப்பு பிள்ளைக்கே.

ஆகவே, ஊழியரின் தனியுரிமையை மதிப்போம். பொதுநிதியின் கணக்கைக் கிராம சபையில் துணிந்து கேட்போம். இவ்விரண்டையும் பிரித்தறியும் ஊரில் தொண்டும் தழைக்கும். தேர்தலும் தூய்மையாக நடைபெறும்.