மஸ்கடே: விலை சொல்லாத தரம்

லுவார் நதி அட்லாண்டிக் கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது நான்ட் நகரம். அதைச் சுற்றிய தோட்டங்களில் விளையும் மஸ்கடே, பிரான்ஸின் வெள்ளை வொயின்களில் விலை குறைந்தவற்றுள் ஒன்று. விலையைப் பார்த்துத் தரத்தை எடை போட்டவர்கள் இந்த வொயினுக்கு நீண்ட காலமாக அநியாயம் செய்துவருகிறார்கள்.

குளிர் தேர்ந்தெடுத்த கொடி

17ஆம் நூற்றாண்டில் நான்ட் துறைமுகத்துக்கு வந்த டச்சு வணிகர்கள், பிராந்தி காய்ச்ச வெள்ளைத் திராட்சை கேட்டார்கள். விவசாயிகளும் நட்டார்கள். 1709இல் அடித்த கொடுங்குளிரில் கொடிகள் பெருமளவில் கருகின. மறுநடவில், குளிரைத் தாங்கும் 'மெலன் து பூர்கோன்' ரகம் முன்னுக்கு வந்தது. மஸ்கடே ஆவது இந்தத் திராட்சைதான். உலகப் புகழ்பெற்ற ஷார்டனேயும் இதுவும் ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள் என்பதை 1999இல் மரபணு ஆய்வு காட்டியது.

வண்டல் தரும் சுவை

இந்தத் திராட்சைக்கு இயல்பிலேயே மணம் குறைவு. அதை ஈடுகட்டுவது காத்திருப்பு. நொதித்தல் முடிந்ததும் இறந்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். அதை அகற்றாமல், குளிர்காலம் முழுவதும் வொயினை அதன் மேலேயே ஊறவிட்டு, பிறகு நேரடியாக பாட்டிலில் அடைக்கிறார்கள். 'சுர் லீ' எனப்படும் இந்த முறையால் வொயினுக்குச் செறிவு கூடுகிறது. நாக்கில் லேசான குறுகுறுப்பும் தங்குகிறது. புளிப்பு தூக்கலான இந்த வொயினும் அட்லாண்டிக் கரையின் சிப்பியும் பிரிக்க முடியாத ஜோடி.

பாறைக்கு ஒரு பெயர்

தேவை பெருகிய காலத்தில் பலர் அளவையே குறியாகக் கொண்டதால் மஸ்கடேயின் பெயர் கெட்டது. விலை சரிந்தது, 1990களுக்குப் பிறகு தோட்டங்களின் பரப்பும் வெகுவாகச் சுருங்கியது. மிஞ்சியவர்கள் மண்ணை நம்பினார்கள். 2011இல் க்ளிஸோன், கோர்ஜ், லெ பல்லே ஆகிய ஊர்களின் பெயரை லேபிளில் போட அங்கீகாரம் கிடைத்தது. க்ளிஸோனில் கிரானைட், கோர்ஜில் காப்ரோ எனப் பாறை மாற மாற வொயினின் குணமும் மாறுகிறது. இந்த ஊர்களின் வொயின்கள் வண்டல் மேல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஊறுகின்றன. பாட்டிலில் பல ஆண்டுகள் முதிரவும் வல்லவை.

வாங்குபவர் லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது 'செவ்ர் எ மேன்' என்ற வட்டாரப் பெயரையும் 'சுர் லீ' என்ற சொல்லையும். ஊர்ப் பெயரும் இருந்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க வேண்டாம். நல்ல மஸ்கடே இனியும் கிடைக்க வேண்டுமானால், அதை விளைவிப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தாக வேண்டும்.