கச்சேரி முடிஞ்சும் காதுல 'ங்ங்ங்...' சத்தமா? ஹெவி ராக் ஷோவுக்கு நண்பரோட போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை!

காட்டுப்பள்ளியில் ஷிஃப்ட் முடித்த கையோடு, நண்பரைக் கூட்டிக்கொண்டு ராக் கச்சேரிக்குக் கிளம்புகிறீர்களா? டிக்கெட், பைக், பெட்ரோல் எல்லாம் ரெடி. ஆனால் பலரும் மறந்துவிடுவது காதை! கச்சேரி முடிந்து வெளியே வந்ததும், பக்கத்தில் நிற்கும் நண்பர் "இன்னா மச்சி, கேக்கல" என்று கத்தினால் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. ஏன்?

நெஞ்சு ஏன் அதிருது?

ஹெவி ராக்கில் கிட்டார் தந்திகளை வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதியில் வைப்பார்கள். அதோடு பேஸ் கிட்டார், இரண்டு காலாலும் அடிக்கும் கிக் டிரம் சேரும்போது, தாழ்ந்த அதிர்வெண் ஒலியை காது மட்டுமல்ல, உடம்பே உணரும். நெஞ்சுக்குள் யாரோ பறை அடிப்பது போல இருப்பது அதனால்தான்.

இதில் 'அட்மாஸ்ஃபெரிக்' வகை கொஞ்சம் வேற மாதிரி. மெல்லிய கிட்டாரில் நிதானமாக ஆரம்பித்து, திடீரென பெருஞ்சத்தமாக வெடிக்கும். ஸ்வீடனின் ஓபெத் இசைக்குழு இதற்கு நல்ல உதாரணம். 2009-ல் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழா மேடையில் இந்தக் குழு வாசித்திருக்கிறது. அமைதியான பகுதியில் காது ஓய்வெடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மொத்தக் கணக்கை ஏற்றுவது அந்த வெடிப்புகள்தான்.

எவ்வளவு சத்தம் தாங்கும்?

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்காவின் நியாஷ் ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

* 88 டெசிபல் - 4 மணி நேரம்
* 91 டெசிபல் - 2 மணி நேரம்
* 94 டெசிபல் - 1 மணி நேரம்
* 100 டெசிபல் - வெறும் 15 நிமிடம்

கச்சேரி அரங்குகளில் 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022-ல் சொன்னது. அந்த அளவிலேயே இரண்டரை மணி நேரம் நின்றால், 10 நாளில் காது வாங்க வேண்டிய சத்தத்தை ஒரே ராத்திரியில் வாங்கிவிடுகிறது!

துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

கப்பல் தளத்தில் கிரைண்டிங், துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்குவது, அனல்மின் நிலையத்தில் டர்பைன்... எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் பலருக்கும் பகல் முழுக்க இரைச்சல்தான். இந்தியத் தொழிற்சாலைகளில் 8 மணி நேரத்துக்கான வரம்பே 90 டெசிபல். காது 'இது வேலை, அது பாட்டு' என்று பிரித்துப் பார்க்காது, எல்லாத்தையும் ஒரே கணக்கில்தான் எழுதும்.

உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000 மட்டுமே. செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் அடிபடுவது உயர்ந்த சுருதி ஒலிகள். பேச்சு கேட்கும், வார்த்தை புரியாது. கிரேன் ஹாரனும், ரிவர்ஸ் எடுக்கும் வண்டியின் அலாரமும் சரியாகக் கேட்காமல் போனால், அது உயிர் விஷயம்.

நண்பரோடு போகும்போது என்ன செய்யலாம்?

* பஞ்சு உதவாது. மருந்துக்கடையில் நுரை இயர் பிளக் வாங்குங்கள். உருட்டி மெலிதாக்கி, காதை மேலே, பின்னால் இழுத்து நுழைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அரைகுறையாகச் செருகினால் பலன் பாதிகூட இருக்காது. ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.
* சரியாகப் பொருந்திய பிளக் 15 டெசிபல் குறைத்தாலே 100 என்பது 85 ஆகிவிடும். பாட்டு கேட்கும், காதும் பிழைக்கும்.
* ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் ஆபத்து.
* நடுநடுவே 10 நிமிடம் வெளியே வாருங்கள்.
* கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம். தொலைந்தால் சந்திக்க ஓர் இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள்.
* நெரிசல் வந்தால் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி, மூச்சுக்கு இடம் விட்டு, பக்கவாட்டில் நகருங்கள். யாராவது விழுந்தால் உடனே தூக்கிவிடுங்கள்.
* மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்துவிடலாம். அங்கிருந்து காட்டுப்பள்ளிக்கு ராத்திரியில் எப்படிப் போவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு பண்ணுங்கள்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

காதில் இரைச்சலோ, அடைத்தது போன்ற உணர்வோ பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகும். அதுவரை ஹெட்போன் வேண்டாம். அடுத்த நாள் ஷிஃப்டில் காதுக் கவசம் கட்டாயம். 2 நாள் தாண்டியும் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்கம் திடீரென கேட்காமலே போனால் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே போங்கள். முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.

அடுத்த கச்சேரிக்கும் அதே நண்பரோடு போகணும் இல்லையா? பர்ஸில் டிக்கெட்டோடு இரண்டு ஜோடி இயர் பிளக்கும் இருக்கட்டும்.