தேனிலவுக்கு அந்தமான்: விடுதியை முன்பதிவு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

அந்தமானுக்குத் தேனிலவு செல்லும் புதுமணத் தம்பதியர் பலரும் தேர்ந்தெடுப்பது, 2018-ஆம் ஆண்டு ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக் தீவையே. அங்கு வாடகையைவிட, விடுதி எந்தக் கரையில் உள்ளது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

நீலக் கொடி சான்று பெற்ற ராதாநகர் கடற்கரை மேற்கு நோக்கியது. வெண்மணலில் அமர்ந்து சூரிய அஸ்தமனத்தைக் காணலாம். டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். எனினும், படகுத் துறையிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள இப்பகுதியில் விடுதிகள் குறைவு.

பெரும்பாலான விடுதிகள் கிழக்குக் கரையில் கோவிந்தநகர், விஜயநகர் பகுதிகளில் அமைந்துள்ளன. இங்கு சூரிய உதயத்தைக் காணலாம். ஆனால், கடல்நீர் வற்றும் வேளையில் பாறைகளும் பவளத்திட்டுகளும் வெளிப்படுவதால் நீந்துவது கடினம். நீர் நிறைந்திருக்கும்போது எடுத்த படத்தை மட்டும் நம்பி அறை எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஊர் திரும்பும் விமானம் புறப்படுவது, தற்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து. கடல் சீற்றத்தால், குறிப்பாக மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், படகுகள் ரத்தாக வாய்ப்புண்டு. எனவே, கடைசி இரவு அந்நகரிலேயே தங்குவது பாதுகாப்பானது.