புழு எண்ணும் உத்தியோகம்

கலாசாலை மாணவன் ஒருவன் கோடையில் புழு எண்ணிச் சம்பளம் பெறுகிறான் என்றால் நம்மில் பலர் நகைப்பார்கள். படித்த வாலிபனுக்கு இது ஏற்ற உத்தியோகமா என்றும் கேட்பார்கள். அப்படிக் கேட்போர் 1946-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவில் நடந்ததைக் கவனிக்க வேண்டும்.

அங்கே சான் வாக்கின் பள்ளத்தாக்கில் கால்நடைத் தீவனத்திற்காகக் குதிரைமசால் பயிரிடுகிறார்கள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு அப்பயிரின் இலைகளைத் தின்று நாசம் செய்து வந்தது. யுத்தம் முடிந்து, டி.டி.டி. மருந்து விவசாயிகளின் கைக்கு வந்திருந்த சமயம் அது. புழுவைக் கண்டதும் மருந்தைத் தெளித்துவிடுவதே சுலபமான வழியாகத் தோன்றிற்று. பெர்க்லி சர்வகலாசாலையின் ரே ஸ்மித் இதற்கு இசையவில்லை. வயல்களைப் பார்வையிட்டு வரக் கென்னத் ஹேகன் என்ற மாணவரை அவர் அமர்த்தினார்.

ஹேகனின் வேலை என்ன? பயிரின்மேல் வலையை வீசுவது. அகப்பட்ட புழுக்களை எண்ணுவது. அவற்றைப் பிளந்து பார்ப்பது. மிகச் சிறிய குளவி ஒன்று இளம் புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று கொன்றுவிடுகிறது. ஆகவே, குளவி தீண்டாத புழுக்கள் எத்தனை என்பதே கேள்வி. வலையின் ஒரு வீச்சுக்கு அத்தகைய புழுக்கள் 10 அகப்பட்டால்தான் மருந்து என்பது அங்கே வழங்கும் கணக்கு. அதற்குக் குறைந்தால் குளவியே பயிருக்குக் காவல். கண்டபடி மருந்து தெளித்தால் அந்தக் காவலும் மடிந்து போகும்.

இந்த எண்ணிக்கை வீண் போகவில்லை. ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்னும் நால்வரும் 1959-ல் ஒரு கொள்கையை வகுத்து வெளியிட்டார்கள். நஷ்டம் உண்டாக்கும் அளவைப் பூச்சி நெருங்கும்போது மட்டுமே மருந்தை நாடுவது, மற்றபடி இயற்கைப் பகைவர்களைக் காப்பது என்பதே அதன் சாரம். 1997-ல் உலக உணவுப் பரிசு ஸ்மித்துக்கும் பெர்ரி அட்கிசனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

நம் தேசமும் 1985-ல் இம்முறையைத் தன் கொள்கையாக ஏற்றது. நெல்லுக்கும் பருத்திக்கும் அளவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அளவுகள் ஏட்டில் இருந்து பயனென்ன? வயலில் இறங்கி எண்ணுவார் வேண்டாமா? எண்ணுவார் இல்லாத இடத்தில் மருந்து விற்பவரின் வாக்கே சாஸ்திரமாகிவிடுகிறது. செலவு விவசாயியின் தலையில் விழுகிறது. விஷத்தைத் தெளிக்கும் கூலியாள் சுவாசிக்கிறான்.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. விவசாயக் கலாசாலை மாணவர்களைப் பயிர்ப் பருவத்தில் தக்க சம்பளத்துடன் இவ்வேலையில் அமர்த்த சர்க்காரும் கூட்டுறவுச் சங்கங்களும் முன்வர வேண்டும். ஜில்லாதோறும் உள்ள பொது ஊழியர்கள் இக்கோரிக்கையைத் தமதாக எடுத்துக்கொள்வார்களாக.