கார் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்!

கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் குடும்பங்களுக்குக் கார் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கும், கோவை ஆஸ்பத்திரிக்கும், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் போய்வர அது தேவைப்படுகிறது. புதியதோ பழையதோ, வாங்கும்போது எழும் முதல் கேள்வி: ஜீப்பைப் போல் உயர்ந்து நிற்கும் எஸ்.யு.வி.யா, டிக்கி தனியாக உள்ள தாழ்ந்த செடானா?

'உயரமான வண்டியில்தான் இடம் தாராளம்' என்று கண்ணளவிலேயே பலர் முடிவு செய்துவிடுகின்றனர். பல போகத்துச் சேமிப்பைப் போட்டு வாங்கும் பொருளை இப்படித் தேர்வு செய்வது சரியன்று.

அளவு கூறும் உண்மை

நம் பகுதியில் அதிகம் காணப்படும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். மகிந்திரா பொலேரோவின் நீளம் 3,995 மி.மீ.; 2017இல் வந்த மாருதி டிசையர் செடானின் நீளமும் அதே 3,995 மி.மீ. அகலம் முறையே 1,745, 1,735 மி.மீ.; அதாவது ஒரு செ.மீ. மட்டுமே வேறுபாடு. உயரத்தில்தான் பெரிய வேறுபாடு: பொலேரோ 1,880 மி.மீ., டிசையர் 1,515 மி.மீ. ஓர் அடிக்கு மேல் அதிகம்.

நீளம் ஒத்துப்போவது தற்செயலன்று. 4 மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு 2006இல் மத்திய அரசு வரியைக் குறைத்தது. அந்தச் சலுகைக்காக 2012இல் டிசையரும், 2016இல் பொலேரோவும் நீளம் குறைக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாற்றப்பட்டபோதும் இந்த 4 மீட்டர் எல்லை நீடித்தது.

ஆகவே பின்சீட்டில் மூவர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிப்பது இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கூடுதல் இடம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. அதுவும் முழுவதும் கிடைப்பதில்லை. பொலேரோவில் இரும்புச் சட்டத்தின் மேல் உடற்பகுதி ஏற்றப்பட்டுள்ளது. எஞ்சினின் விசை, தரைக்கு அடியில் ஓடும் தண்டின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. எனவே தரைத்தளம் உயர்ந்துவிடுகிறது. டிசையரில் எஞ்சின் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரத்தையே சுழற்றுவதால், தளத்தைத் தாழ்வாக அமைக்க முடிகிறது.

சீட்டின் சுகம்

இடம் வேறு, சுகம் வேறு. மெத்தை மிருதுவாக இருந்தால் சுகம் என்று எண்ணக் கூடாது. தொடை முழுவதும் சீட்டின் மேல் படிய வேண்டும். இடுப்பின் பின்வளைவுக்குச் சாய்மானம் தாங்கல் தர வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். தளம் உயர்ந்து சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் மேலெழும்பும். தொடை அந்தரத்தில் நிற்கும். உடல் எடை முழுவதும் இடுப்பில் இறங்கும். அரை மணிக்குள் வலி தொடங்கும்.

முழங்கால் வலியுள்ள முதியோருக்கு ஏறி இறங்குவதே பெரும்பாடு. வீட்டு நாற்காலியின் உயரம் ஏறக்குறைய ஒன்றரை அடி. செடானில் குனிந்து சற்றே தாழ உட்கார வேண்டும்; எழும்போது முழங்காலை ஊன்ற வேண்டும். எஸ்.யு.வி.யில் காலைத் தூக்கி ஏற வேண்டும். ஆனால் இறங்குவது எளிது. படிப்பலகையும் கைப்பிடியும் இருந்தால் ஏறுவதும் எளிதாகும்.

மேடுபள்ளமான இட்டேரியில் எஸ்.யு.வி.க்கு மேன்மை உண்டு. அடிவயிறு தட்டாது. ஆனால் பாரம் ஏற்றுவதற்காகப் பின்புறம் பட்டை ஸ்பிரிங் வைத்த வண்டி, ஆள் குறைவாக இருக்கையில் தூக்கிப் போடும். நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வுதான் முதுகெலும்பை அதிகம் பாதிக்கும். நாளெல்லாம் டிராக்டர் ஓட்டி முதுகு நொந்தவர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஏழு பேருக்கு இடமா?

பொலேரோவின் கடைசிப் பகுதியில் பக்கவாட்டில் பார்த்த மடக்கு சீட்டுகள் உள்ளன. பிரேக் பிடித்தால் உட்கார்ந்திருப்பவர் பக்கவாட்டில் சரிவார். குழந்தைகளையும் முதியோரையும் நெடுந்தூரப் பயணத்தில் அங்கே உட்கார வைக்கக் கூடாது. ஆண்டில் எத்தனை நாள் ஏழு பேர் போவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சில நாட்கள் மட்டுமே எனில், அன்று வாடகை வண்டி எடுப்பதே சிக்கனம்.

பூச்சி மருந்தும் பயணமும்

விவசாயி மறக்கக் கூடாதது இது. எஸ்.யு.வி.யில் சாமான் வைக்கும் இடமும் ஆட்கள் உட்காரும் இடமும் ஒன்றே. கதவையும் கண்ணாடியையும் மூடி ஏ.சி. போட்டால் பூச்சி மருந்தின் ஆவியை எல்லோரும் சுவாசிக்க நேரும். செடானின் டிக்கி தனியே அடைக்கப்பட்டிருப்பதால் அபாயம் குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. எந்த வண்டியானாலும் மருந்தை ஆட்களுடன் கொண்டு வருவதைத் தவிர்ப்பதே நல்லது. உணவுப் பொருள், கால்நடைத் தீவனம் ஆகியவற்றின் மேல் மருந்து படும்படி ஏற்றக் கூடாது என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிகொல்லி விதிகளும் கூறுகின்றன. மண்வெட்டி, பம்புசெட் பாகம் போன்ற கனமான பொருள்களை எஸ்.யு.வி.யில் கயிற்றால் கட்டாமல் வைத்தால், திடீர் பிரேக்கில் அவை முன்னால் பாய்ந்து தலையைத் தாக்கும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. வீட்டில் மிக உயரமானவர் முன்சீட்டில் தமக்கு வசதியாக உட்கார்ந்து, பின் அதே சீட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். முழங்காலுக்கு முன் நான்கு விரல் இடைவெளி வேண்டும்.

2. தலைக்கும் கூரைக்கும் இடையேயும் நான்கு விரல் போதும். அதற்கு மேல் உள்ள இடத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை.

3. மூன்று பெரியவர்களைப் பின்சீட்டில் அரை மணி நேரம் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். நடுவில் இருப்பவரின் கருத்தைக் கேளுங்கள்.

4. வீட்டு மூத்தவர் பிறர் துணையின்றி மூன்று முறை ஏறி இறங்கட்டும்.

5. உங்கள் தோட்டத்துத் தடத்திலேயே ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டில் மட்டும் ஓட்டி முடிவு செய்யாதீர்கள்.

தடம் மோசமாக இருந்து, மழைக்காலத்திலும் தினம் போய்வர வேண்டியவருக்கு எஸ்.யு.வி. ஏற்றது. தார் ரோட்டோரம் தோட்டம் இருந்து, நான்கைந்து பேர் மட்டும் போகும் குடும்பத்துக்குச் செடானே போதும். பக்கத்துத் தோட்டத்தார் என்ன வாங்கினார் என்பதைவிட, வீட்டிலுள்ள மூத்தவர் எதில் நோகாமல் உட்காருகிறார் என்பதைப் பார்த்து வாங்கினால் போட்ட பணம் வீணாகாது.