காலண்டர் தாளின் பின்பக்கம்

ஆபீஸ் விட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் முதல் கேள்வி வந்து விழும்.

"அப்பா... கடல் ஏன் நீலமா இருக்கு?"

என் வீட்டு வாண்டு. ஐந்தாம் வகுப்பு. அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே விஞ்ஞான ஆர்வம், காபியில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்பதுதான்.

"மேலே வானம் நீலம். அது கண்ணாடி மாதிரி தண்ணியில தெரியுது. அவ்வளவுதான், போய்ப் படி!"

இப்படி நான் அவிழ்த்துவிட்டது ஒன்றா, இரண்டா!

"வெங்காயம் நறுக்கினா ஏம்ப்பா கண்ணு எரியுது?"

"அதுக்கு நம்ம மேல கோபம்!"

"ஒரு மணிக்கு ஏன் அறுபது நிமிஷம்?"

"நூறு வெச்சா, அப்பா ஆபீஸ்ல இன்னும் நாப்பது நிமிஷம் கூடுதலா உட்காரணுமே!"

எல்லோரும் சிரிப்போம். என் சாமர்த்தியத்தில் எனக்கே ஒரு பெருமை.

ஒரு நாள் வகுப்பில் அதே கடல் கேள்வி வந்திருக்கிறது. இவள் முதல் ஆளாகக் கை தூக்கி, என் பதிலை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். மிஸ் "தப்பு" என்றதும், "எங்கப்பாதான் சொன்னாங்க" என்றாளாம். வகுப்பே சிரித்துவிட்டது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று... வீட்டில் கேள்வி நின்றுவிட்டது. முதல் இரண்டு நாள், பொய் சொல்வானேன், நிம்மதியாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. "என்ன, பாப்பா ரொம்ப அமைதியா இருக்கா?" என்றேன் வீட்டம்மாவிடம்.

"அப்பாகிட்ட கேட்டா தப்பாயிடும்மா'ன்னு சொல்றா!"

காபி கசந்தது. சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்துக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் படியை மிதித்தது அன்றுதான். புத்தகங்களைப் புரட்டினால், அங்கே எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நான் சொன்ன அதே பதிலை என்னைவிடப் பெரிய மனிதர் ஒருவரும் சொல்லியிருக்கிறார். லார்ட் ராலே! வானம் ஏன் நீலம் என்று உலகத்துக்கு விளக்கியவர். 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று அவரும் நினைத்தார்.

அதை ஏற்காதவர் நம்ம திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். 1921-ல் இங்கிலாந்து போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரைத் தூங்கவிடவில்லை. கையிலிருந்த ஒரு சின்னப் பட்டகத்தின் வழியாக, நீரின் மேல் விழும் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை! வானத்தின் பிம்பத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால், நீலம் தண்ணீரிலேயே இருக்கிறது. வெயிலில் இருக்கும் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது, நீலத்தைச் சிதறவிட்டுத் திருப்பி அனுப்புகிறது. ஒரு தம்ளர் தண்ணீரில் இது தெரியாது, ஆழம் வேண்டும். அங்கே தொடங்கிய ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவாகி, 1930-ல் நோபல் பரிசானது.

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டேன்.

"பாப்பா... அப்பா சொன்னது தப்பு."

நிமிர்ந்து பார்த்தாள். கதையை முழுசாகச் சொன்னேன். கடைசியில் கேட்டாள்: "நீங்க சொன்ன தப்பைச் சொன்னவருக்கே நோபல் பரிசு குடுத்தாங்களா?"

"அந்தத் தப்புக்குக் குடுக்கலை. வேற வேலையும் செஞ்சார்!"

ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள்.

அன்றைக்குத்தான் ஒப்பந்தம் போட்டோம். எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் உண்டு. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், பின்பக்கம் வெள்ளை. அதுவரை கிழித்த தாள், பால் கணக்கு எழுதத்தான் பயன்பட்டது. இனிமேல் தாளுக்கு ஒரு தகவல். நிபந்தனை ஒன்றுதான். அப்பாவுக்குத் தெரியாவிட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாக்கி தீர்க்க வேண்டும்.

பழைய பாக்கிகளை முதலில் அடைத்தேன். வெங்காயத்துக்குக் கோபம் இல்லை. நறுக்கும்போது கந்தகம் கலந்த ஒரு வாயு கிளம்பிக் கண்ணில் படுகிறது, அதைக் கழுவத்தான் கண்ணீர். அறுபது நிமிஷம், அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோன்காரர்கள் வழி வந்தது. 60-ஐ 2, 3, 4, 5, 6 எதால் வகுத்தாலும் மீதி வராது. அரை மணி, கால் மணி என்று சுலபமாகப் பிரிக்கலாம்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பாடம். உயிர் 12, மெய் 18. பெருக்கினால் உயிர்மெய் 216. மூன்றையும் கூட்டி ஆய்தம் ஒன்றைச் சேர்த்தால் 247. "அப்பா, இது தமிழ்ப் பாடமா, கணக்குப் பாடமா?" என்றாள். அதுதானே விஷயம்!

மின்சார ரயிலில் பரங்கிமலையைத் தாண்டும்போது ஒரு தாள். 1802-ல் வில்லியம் லாம்டன் அந்த மலைப் பக்கம்தான் சங்கிலி பிடித்து நிலத்தை அளக்க ஆரம்பித்தார். அந்த அளவை வடக்கே போய்ப் போய், 1850-களில் எவரெஸ்ட்டின் உயரத்தையே கணக்குப் போட்டுவிட்டது.

ரூபாய் நோட்டின் பின்பக்கம் 15 மொழிகள் வரிசையாக இருக்கும். முன்பக்கத்து இந்தி, ஆங்கிலம் சேர்த்தால் 17. தமிழ் மேலிருந்து 13-வது. (இருபதாம் தேதிக்கு மேல் இந்தப் பாடம் நடத்த இயலாது.)

கையெழுத்துப் போட வேண்டி வந்ததும் உண்டு. "கரண்ட் கம்பியில உட்கார்ற காக்காவுக்கு ஏன் ஷாக் அடிக்கலை?" தெரியாது! டீக்கடையில் ஒரு எலெக்ட்ரீஷியனைப் பிடித்து விசாரித்து, புத்தகத்திலும் சரிபார்த்தேன். இரண்டு காலும் ஒரே கம்பியில் இருப்பதால், காக்காவின் உடம்பு வழியாகக் கரண்ட் போகக் காரணமே இல்லை. இன்னொரு கம்பியையும் சேர்த்துத் தொட்டால் காக்காவும் காலி. நாம் ஒரு கம்பியைத் தொட்டாலே ஆபத்து, ஏனென்றால் கால் தரையில் இருக்கிறது. இதைச் சிவப்பு மையில் எழுதினேன்.

"அதான் கையில செல்போன் இருக்கே சார், எதுக்கு இந்தக் காலண்டர் கூத்து?" என்றார் ஆபீஸ் நண்பர். இருக்கிறது. நொடியில் பதிலும் வருகிறது. ஆனால், சில சமயம் தப்பான பதிலும் என்னைப்போலவே தைரியமாக வருகிறதே! எது சரி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து தேடுகிற அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறது பாருங்கள், அது போனில் வராது.

கல்யாணமாகாத தம்பிகளுக்கும் சொல்கிறேன். அக்கா பிள்ளையோ, பக்கத்து வீட்டு வாண்டோ, கேள்வியோடு உங்களிடமும் வரும். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்லுங்கள். கௌரவம் ஒன்றும் குறையாது. என் பெண் இப்போது வகுப்பில், "தெரியலை மிஸ், பார்த்துச் சொல்றேன்" என்று எழுந்து நின்று சொல்கிறாளாம்.

நேற்று லேட்டாக வந்தேன். அவள் தூங்கிவிட்டாள். சட்டை மாட்டும் ஆணியில் ஒரு காலண்டர் தாள் குத்தியிருந்தது. கோணல் எழுத்தில் அன்றைய கேள்வி:

'மாசக் கடைசியில மட்டும் அப்பாவுக்கு ஏன் கோபம் வருது?'

இதற்கு நூலகம் போக வேண்டியதில்லை. தாள்தான் போதாது!